எங்கள் வீட்டுத் தொட்டிலும் நாட்டின் சட்டமும்

'எடுத்து வளர்த்த பிள்ளை' என்ற சொல் பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி காதில் விழுவதாகும். கடல் கொண்டுபோன வீட்டின் பிள்ளை, தாய் பிரசவத்தில் இறந்த பிள்ளை, பெற்றவர் இன்னாரென்று தெரியாத பிள்ளை என எல்லாருக்கும் ஊரார் வழங்கும் பெயர் அது ஒன்றே. ஆனால் அச்சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள், கோயிலில் என்ன பொருள் என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவள்தான். 2024 டிசம்பரில் தங்கச்சிமடத்திலுள்ள எங்கள் வீட்டிற்கு ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று வந்த பிறகே இதைக் கற்கத் தொடங்கினேன். வரலாற்றுத் துறை மாணவிக்குச் சட்டம் எதற்கு என்று தோழியர் கேட்டனர். வீட்டில் நடந்ததைச் சொன்னால் அவர்களுக்கே விளங்கும்.

குழந்தை வந்தது என் சித்தப்பா, சித்திக்காக. சித்தப்பா விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் பிள்ளை இல்லை. இடையில் ஒருவர் வந்து, ஒரு மருத்துவமனையில் பிறக்கப்போகும் குழந்தையை நேராகவே வாங்கித் தருவதாகவும், 'செலவுக்கு' ஏதோ கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். சித்திக்கு ஆசை. சித்தப்பாவோ, எஞ்சினுக்கே ரசீது இல்லாமல் உதிரிப் பாகம் வாங்காதவர், மறுத்துவிட்டார். குழந்தையை விலைக்கு வாங்குவதும் விற்பதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்ச ரூபாய் அபராதத்திற்கும் உரிய குற்றம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. பணமே கைமாறாவிட்டாலும், சட்ட முறையை விட்டு விலகி ஒரு குழந்தையைத் தத்துக்குக் கொடுத்தாலோ பெற்றாலோ மூன்றாண்டு வரை சிறை உண்டு. இது நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் 2021இன் இறுதியில் முறைப்படி இணையத்தில் பதிவு செய்தார்கள். மணமாகி இரண்டாண்டு நிறைந்திருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85க்கு மேற்படக் கூடாது என்று 2022இன் தத்தெடுப்பு விதிமுறைகள் சொல்கின்றன. பின்னர் ஒரு சமூகப் பணியாளர் வீட்டிற்கு வந்து 'இல்ல ஆய்வு' செய்தார். மாத வருமானம் என்னவென்று கேட்டதற்குச் சித்தப்பா சொன்ன விடை அவரைத் திகைக்க வைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரே கையைப் பிசைந்துகொண்டிருக்கும். அப்போதுதான் சித்தப்பாவுக்கு வருமானம் மிகுதி. படகுகளெல்லாம் கரையேறிப் பழுது பார்க்க நிற்கும் காலமல்லவா? அதை அவர் விளக்கிச் சொல்ல, அம்மையார் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அந்த ஆய்வறிக்கை மூன்றாண்டுகளுக்கே செல்லும். எங்களுடையது முடியும் தறுவாயில்தான் அழைப்பு வந்தது. வேறொரு மாவட்டத்து மையத்திலிருந்து குழந்தையைக் கொண்டுவந்தோம். அதன் பிறப்பு வரலாறு அதற்கே உரியது. இம்மலரில் எழுதுவதற்கு உரியதன்று.

குழந்தையை ஒப்படைத்தபோது சித்தப்பா கையொப்பமிட்ட தாளில் 'தத்து' என்ற சொல்லோடு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்ற சொல்லும் இருந்தது. வீட்டிற்கு வந்ததும் அதை நான் உரக்கப் படித்தேன். அப்பத்தாவின் முகம் மாறியது. "வளர்ப்புன்னா போட்டிருக்கு? அப்ப இது நம்ம பிள்ளை இல்லையா?" என்றார். நான் விடை சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அப்பத்தா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவரே ஓர் எடுத்து வளர்த்த பிள்ளை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியபோது அவருக்கு ஐந்து வயதிருக்கலாம். பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் மறைந்த அதே இரவு. பிழைத்தவர்களோடு மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்ட அவரைத் தேடி யாரும் வரவில்லை. பிள்ளையில்லாத தங்கச்சிமடத்துத் தம்பதியர் வீட்டிற்கு அழைத்துவந்து, 1965இல் ஞானஸ்நானம் கொடுத்து, மகளாகவே வளர்த்து மணமும் செய்து வைத்தனர். எழுத்தில் இருந்தது கோயில் பதிவேட்டின் ஒரு வரி மட்டுமே. 1980களின் தொடக்கத்தில் வளர்த்த தாயும், அவரைத் தொடர்ந்து தந்தையும் காலமானார்கள். உயில் இல்லை. தந்தையின் தம்பிமார் வந்து வீட்டையும் தென்னந்தோப்பையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பத்தா ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார். "இது நீங்கள் கிறித்தவர் என்பதைக் காட்டும் அம்மா, மகள் என்பதைக் காட்டாது" என்றாராம் வக்கீல்.

வக்கீல் சொன்னது கொடுமையாகத் தோன்றினாலும், அன்றைய சட்டம் அதுதான். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டுமே உரியது. கிறித்தவர், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோருக்குத் தத்தெடுப்புச் சட்டமென்று ஒன்றுமில்லை. அவர்கள் நாடக்கூடியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் ஒன்றே. அதன்படி நீதிமன்றம் ஒருவரைக் குழந்தைக்குக் காப்பாளராக நியமிக்கும். அப்படி நியமிக்கும்போது குழந்தையின் வயது, பால் ஆகியவற்றோடு மதத்தையும் கருதிப் பார்க்க வேண்டும் என்பது அதன் 17ஆம் பிரிவு. காப்பாளரோ பெற்றோர் ஆவதில்லை. குழந்தை வயதுக்கு வந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். எங்கள் அப்பத்தாவுக்கு அந்த நியமனம்கூட இல்லை. புயலடித்த ஊரில் நீதிமன்றப் படியேற யாருக்கு நினைவு வரும்!

அடுத்தது சொத்து. கிறித்தவர்களின் வாரிசுரிமை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் வழி நடப்பது. உயிலின்றி இறந்தவருக்கு வழித்தோன்றல் இல்லையானால் மனைவிக்கு ஒரு பாதி, இரத்த உறவினர்க்கு மறு பாதி. மனைவியும் முன்பே இறந்துவிட்டால் முழுவதும் உறவினர்க்கே. அப்பத்தாவின் சித்தப்பன்மார் சட்டத்தை மீறவில்லை. அவர்கள் மீறியது வேறொன்றை. அதற்கு வழக்குப் போட முடியாது.

இக்குறையைத் தீர்க்க முயற்சி நடக்காமலில்லை. 1972, 1980 ஆகிய ஆண்டுகளில் எல்லா மதத்தாரையும் அல்லது பெரும்பாலாரையும் உள்ளடக்கிய தத்தெடுப்பு மசோதாக்கள் நாடாளுமன்றத்திற்கு வந்து, சட்டமாகாமலே போயின. 1999இல் கேரள உயர் நீதிமன்றம், கிறித்தவத் தம்பதியர் தத்தெடுத்த மகனுக்கு வாரிசுரிமை உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உண்மையான திருப்பம் 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட, அநாதையான குழந்தைகளைத் தத்தெடுக்க அது வழி திறந்தது. அதில் மதம் பற்றிய பேச்சே இல்லை. 2006இன் திருத்தம் அதைத் தெளிவாக்கியது. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், எம்மதத்தவரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம், விரும்பாதவர் தம் மதவழக்கப்படியே இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. தத்து ஆணை பிறந்த நாள் முதல் அக்குழந்தை, தத்தெடுத்தவர்க்கே பிறந்த குழந்தையாகக் கருதப்படும். உயிலின்றி இறந்தவரின் வாரிசுரிமை உட்பட எல்லாவற்றிற்கும் இது பொருந்தும் என்கிறது அப்பிரிவு. அப்பத்தாவின் வழக்கைத் தெரிந்துகொண்டு எவரோ எழுதியதுபோல் இருந்தது.

இனி, 'வளர்ப்பு' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு இரு வகையாக வழங்குகிறது. ஒன்று, பெற்றோரிடம் இருக்க இயலாத, பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை, விடுதியில் விடாமல் ஒரு குடும்பத்தில் வைத்துக் காப்பது. இதற்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. அப்பிள்ளை அக்குடும்பத்தின் வாரிசன்று. சொந்தக் குடும்பம் தேறிவந்தால் திரும்பிப் போகும். போகாத நிலையில், ஐந்தாண்டு வளர்த்த குடும்பமே தத்தெடுக்கலாம் என்றிருந்த விதியை 2024இல் இரண்டாண்டாகக் குறைத்திருக்கிறார்கள். மற்றது, தத்துக்கு முந்திய வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுக்கப்போகும் பெற்றோரிடம் குழந்தை வந்து சேர்ந்த நாளுக்கும் ஆணை பிறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் அது. எங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடந்த குழந்தை இரண்டாம் வகை. ஆணை வரும் வரை அது எங்கள் பராமரிப்பில் இருக்கும் குழந்தை, மகள் அன்று.

"பெத்தவ வந்து கேட்டா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டேயிருந்தனர். அதற்கும் விடை சட்டத்தில் இருந்தது. வளர்க்க இயலாத தாய் குழந்தைகள் நலக்குழுவின் முன் வந்து குழந்தையை ஒப்படைக்கலாம். அது குற்றமன்று. மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாத அவகாசம் தரப்படுகிறது. கைவிடப்பட்ட குழந்தையானால் பெற்றோரைத் தேடிப் பார்த்த பின்பே, 'தத்துக்குச் சட்டப்படி உரியது' என்று நலக்குழு அறிவிக்கும். இதெல்லாம் முடிந்த பிறகே எங்களுக்கு அழைப்பு வந்திருந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை நாமெல்லாம் அறிவோம். ஆனால் ஒப்படைக்கும் தாய்க்கும் உரிமை உண்டு, 1098 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள் என்பதை அறியாமல்தான், இன்னும் சில பெண்கள் இருட்டில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அது ஞானஸ்நானத்தைப் பற்றிய சண்டை.

குழந்தை வந்த மறுநாளே அப்பத்தா, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஞானத்தாயாக யாரை நிறுத்துவது என்றுகூட முடிவு செய்துவிட்டார். சித்தப்பா பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டார். ஆணை வரும் வரை பொறுக்கச் சொன்னார் அவர். திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோரின், அல்லது அவர்கள் இடத்தில் சட்டப்படி நிற்பவரின் இசைவு வேண்டும் என்றிருக்கிறது. தத்துப் பிள்ளையின் பெற்றோர் பெயரைப் பதிவேட்டில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கும் தனி விதி உண்டு. "இன்று எழுதினால் 'பராமரிப்பில் உள்ள குழந்தை' என்றுதான் எழுத நேரும், ஆணைக்குப் பிறகு 'மகள்' என்று எழுதலாம். பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடித்துத் திருத்துவது எளிதன்று" என்றார் அவர்.

சித்தப்பா இதை வந்து சொன்னபோது அப்பத்தா அழுதார். "எனக்கு அந்த ஒரு வரிதாண்டா இருந்துச்சு. அதுவும் இல்லாமப் பிள்ளையப் போட்டு வைக்கிறீங்களே" என்றார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை மோட்சம் காணாது என்று சிறு வயதில் கேட்டது வேறு அவர் மனத்தில் இருந்தது. அத்தகைய குழந்தைகளின் மீட்பிலும் நம்பிக்கை கொள்ள இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டதை நான் சொல்லிப் பார்த்தேன். "வத்திக்கான்ல பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா பாப்பாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அந்நாட்களில் என் மனத்தில் வந்து வந்து போனவர் ஒரு பழைய வளர்ப்புத் தந்தை. நம் மாவட்டத் தலைநகரில் அப்துல் கலாம் படித்த பள்ளி, சுவார்ட்சு என்ற ஜெர்மானிய மறைப்பணியாளரின் பெயரைத் தாங்கி நிற்பதை அறிவோம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, மணம் செய்யாமலே வாழ்ந்த அவர் பிறர் பிள்ளைகளை வளர்த்தவர். நெல்லைப் பக்கத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த சிறுவனைப் பன்னிரண்டாம் வயதில் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். அவரே பின்னாளின் வேதநாயக சாஸ்திரியார். தஞ்சை மன்னர் துளஜா 1787இல் இறக்குமுன் சரபோஜி என்ற சிறுவனைத் தத்தெடுத்தார். பின்னர்க் கும்பினியாரின் இசைவோடு சுவார்ட்சு அச்சிறுவனின் பாதுகாப்புக்கும் கல்விக்கும் பொறுப்பேற்றார். அந்தத் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூற, மன்னரின் சகோதரர் அமர்சிங் அரசாண்டார். மீண்டும் பண்டிதர்களைக் கேட்டு, தத்து செல்லும் என்று முடிவாகி, 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணச் சுவார்ட்சு உயிரோடில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். நான் வியப்பது இதைத்தான். சமயம் பரப்பவே கடல் கடந்து வந்தவரின் கையில் வளர்ந்த அச்சிறுவன் இறுதிவரை இந்துவாகவே இருந்தான். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை தனக்குச் சொந்தமான பிள்ளை அன்று என்று அவர் உணர்ந்திருந்தார் போலும். அவருக்குச் சரபோஜி எழுப்பிய பளிங்குச் சின்னம், மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சின் அருகே அரசர் நிற்கும் கோலத்தில், இன்றும் தஞ்சைக் கோயிலில் இருக்கிறது.

இக்கதையை அப்பத்தாவிடமும் சொன்னேன். "அவன் ராசா வீட்டுப் பிள்ளை. யாரும் பேரை அழிக்க மாட்டாக" என்றார். நான் வாயடைத்துப் போனேன். சரபோஜிக்கும் தத்துரிமைக்குப் பதினோராண்டு ஆயிற்றே என்று பிறகு தோன்றியது. ஆனால் அவருக்காக வாதாடக் கும்பினியே இருந்தது. அப்பத்தாவுக்காக யார் இருந்தார்?

சனவரியில் குழந்தைக்குச் சளிக் காய்ச்சல் கண்டது. பகலில் மருத்துவரிடம் காட்டி மருந்து கொடுத்திருந்தோம். நள்ளிரவில் நான் விழித்தபோது அப்பத்தா தொட்டிலருகே நின்றிருந்தார். கையில் செம்பு நிறையத் தண்ணீர். உயிருக்கு ஆபத்தான வேளையில் குரு இல்லாவிட்டால் எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் விதி. கடற்கரையில் அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பார்கள். நான் எழுந்து போவதற்குள் சித்தி எழுந்துவிட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பிறகு அப்பத்தாவின் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். "காய்ச்சல் விட்டுருச்சு அத்தை. வேர்த்திருக்கு பாருங்க" என்றாள். அப்பத்தா சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு செம்பைத் தொட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் அத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றியவள் நான்தான். அன்றிலிருந்து ஆணை வரும் நாள் வரை தினமும் இரவில் புதுத் தண்ணீரோடு செம்பு அங்கே இருந்தது. யாரும் அதை எடுக்கவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை.

முன்பு தத்து ஆணை நீதிமன்றத்தில்தான் பெறவேண்டும். 2021இன் திருத்தத்தின்படி, 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரே அதை வழங்குகிறார். மனுச் செய்த இரண்டு மாதத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்கு மார்ச் மாதத்தில் ஆணை கிடைத்தது. அதன் பின்னும் இரண்டாண்டுக் காலம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஞானஸ்நானம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் நடந்தது. அப்பத்தா குறித்து வைத்திருந்த அதே ஞானத்தாய்தான். குழந்தை அழவில்லை, சித்தப்பாதான் அழுதார்.

ஆனால் அப்பத்தா காத்திருந்தது வேறொன்றுக்கு. தத்து ஆணையைக் காட்டினால் பெற்றோர் பெயரில் சித்தப்பா, சித்தியின் பெயரிட்டுப் பிறப்புச் சான்றிதழ் தருவார்கள். அது வந்த அன்று நான் கல்லூரியிலிருந்து திரும்பும் வரை யாரையும் அப்பத்தா பிரிக்க விடவில்லை. என்னை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

"வளர்ப்புன்னு எங்கயும் இருக்கா?"

"இல்லை அப்பத்தா."

தாளை வாங்கி, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துத் தாமே ஒருமுறை பார்த்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோயிருந்த தம் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து, அதன் மேல் இதை வைத்துப் பூட்டினார்.